மீன்தொட்டியிற் பரல் மாற்றுதல்

பள்ளிகளிலும் இல்லங்களிலும் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்தல் இக்காலத்துப் பெருவழக்காயிற்று. நம் கல்லூரி மண்டபத்தின் வாயிலருகிலும் அத்தகைய தொட்டி ஒன்று உண்டு. பழைய மாணவர் பலர் கல்லூரிக்கு வருங்கால் அதன்முன் சிறிது நின்று நோக்கிச் செல்வதை யான் கண்டிருக்கின்றேன். நெடுநாள் நிலைபெற்ற ஒரு தொட்டியின் அடியிற் பரப்பியுள்ள சிறு கற்களை, மீன்களுக்கு ஊறு நேராவண்ணம் மாற்றுவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள். இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் தமிழாசிரியன் மீன்தொட்டியைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என வினவுவோர்க்கு விடை ஒன்றே. இத்தொழிலில் யான் ஒரு பிழை செய்தேன். அப்பிழையால் ஒன்பது உயிர்கள் மாண்டன. தான் தவறி அறிந்ததைப் பிறர் தவறாமல் அறியச் செய்தல் ஆசிரியன் கடன் அன்றோ?

சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் பரிசளிப்பு விழா அணுகிய காலத்து, மண்டபத்தை அழகுபடுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. தொட்டி 90 செ.மீ. நீளமும், 30 செ.மீ. அகலமும், 40 செ.மீ. உயரமும் உடையது; ஏறக்குறைய 90 லீற்றர் நீர் கொள்வது. அதிற் பன்னிரண்டு சிறிய பொன்மீன்கள் நான்கு ஆண்டுகளாகக் குறைவின்றி வாழ்ந்துவந்தன. அடியிற் கிடந்த நீல நிறக் கற்களோ சாயம் உரிந்து, அழுக்கேறிக் காட்சிக்கு இனிமையற்றிருந்தன. ஒரு சனிக்கிழமை மாணவர் சிலரைத் துணைக்கொண்டு, தொட்டி நீர் முழுவதையும் வெளியேற்றி, பழைய கற்களை ஒன்றும் விடாது அகற்றி, புளியங்கொட்டை அளவினவாய புதிய வெண்கற்களைப் பரப்பினேன். கண்ணாடியைத் தேய்த்தோம். வடிகட்டியின் பஞ்சையும் குழாய்நீரில் நன்கு பிழிந்து கழுவினோம். மாலையில் நீர் பளிங்குபோல் விளங்கிற்று. விழாவுக்கு வந்தோர் யாவரும் பாராட்டினர்.

நான்காம் நாள் மீன்கள் நீரின் மேற்பரப்பில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி போலும் என எண்ணி உணவை மிகுத்து இட்டோம். பத்தாம் நாள் முடிவதற்குள் ஒன்பது மீன்கள் இறந்தன. அவற்றைத் தென்னையடியிற் புதைத்தபோது, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், “சேர், தண்ணீர் முன்னையிலும் தெளிவாக இருக்கிறதே, பிறகு மீன்கள் ஏன் செத்தன?” என்று கேட்டான். அன்று என்னிடம் விடை இல்லை. பின்னர் விஞ்ஞான ஆசிரியராகிய நண்பரிடம் கேட்டும், நூல்களை நாடியும் அறிந்ததைக் கீழே தருகின்றேன்.

பரலிற் குடியிருப்பவை

சிறு கல்லைப் பரல் என்பது தமிழ் மரபு. சிலப்பதிகாரம் பயின்றோர்க்கு இச்சொல் புதிதன்று. சிலம்பின் உள்ளே இட்ட மணியும் பரலே. ஆற்றுப்படுகையிற் கிடக்கும் கல்லும் பரலே. சிலம்பின் உட்பரல் முத்தோ மாணிக்கமோ என நோக்குமுன் தீர்ப்பளித்தமையாற் பாண்டியன் பெரும்பிழை செய்தான். தொட்டியின் பரலில் இருப்பது யாதென நோக்குமுன் அதனை அழுக்கென்று தீர்ப்பளித்தது யான் செய்த பிழை.

நெடுநாள் நீரிற் கிடந்த பரல் ஒன்றை விரலால் தடவிப் பார்த்தால் ஒருவகை வழுவழுப்புத் தோன்றும். அவ்வழுவழுப்பு வெறும் பாசியன்று. கண்ணுக்குப் புலனாகாத கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் ஒட்டி வாழும் மெல்லிய படலம் அது. அவற்றின் தொழில் பின்வருமாறு. மீன் தன் உடலில் உண்டாகும் கழிவை அமோனியாவாகப் பெரும்பாலும் செவுள்கள் வழியே நீரில் விடுகின்றது. உண்ணாது எஞ்சிய உணவும் அழுகி அமோனியாவைத் தருகின்றது. அமோனியா மீனுக்கு நஞ்சு. செவுளையே முதலிற் புண்படுத்துவது. பரலில் வாழும் ஒருசார்ப் பற்றீரியாக்கள் இந்த அமோனியாவை ஒட்சிசனுடன் சேர்த்து நைத்திரைற்று ஆக்குகின்றன. நைத்திரைற்றும் நஞ்சே, அது மீனின் குருதியிற் கலந்து, ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கின்றது. மற்றொருசார்ப் பற்றீரியாக்கள் நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. இஃது ஏனைய இரண்டினும் மிகக் குறைந்த தீங்குடையது. நீர்த்தாவரங்கள் இதனை உணவாகக் கொள்ளும். எஞ்சியதை நாம் இடையிடையே நீர் மாற்றி அகற்றுகின்றோம்.

இவ்வுண்மை ஒரு நாளில் அறியப்பட்டதன்று. 1877 ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டு அறிஞராகிய சுலோசிங்கு, மூன்சு என்னும் இருவர், மணலும் சுண்ணக்கல்லும் நிரப்பிய குழாயினூடே கழிவுநீரை மெல்ல வடியவிட்டனர். தொடக்கத்தில் அமோனியா குறையவில்லை. சின்னாட்கள் கழிந்த பின்னரே அது மறைந்து நைத்திரேற்றுத் தோன்றிற்று. குளோரபோம் ஆவியைச் செலுத்தியவுடன் அம்மாற்றம் நின்றது. ஆகவே இது கல்லின் செயலன்று, கல்லில் வாழும் உயிரின் செயல் எனத் தெளிந்தனர். 1890 ஆம் ஆண்டில் உருசிய அறிஞர் வினோகிராட்சுக்கி அவ்வுயிர்களைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். நைத்திரைற்றை மாற்றுவது நைத்திரோபற்றர் என்னும் இனமே என நெடுங்காலம் கருதப்பட்டது. நன்னீர் மீன்தொட்டிகளில் அத்தொழிலைச் செய்வது நைத்திரோசுபைரா என்னும் பிறிதோர் இனம் என்பது 1998 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியாற் புலனாயிற்று.

இப்பற்றீரியாக்களின் இயல்பு மூன்றை நாம் மறத்தல் ஆகாது. முதலாவது, இவை நீரிற் சிறுபான்மையே மிதக்கும். பரலின் மேலும் வடிகட்டியின் பஞ்சிலுமே பெரும்பான்மை ஒட்டி வாழும். இரண்டாவது, இவற்றுக்கு ஒட்சிசன் இன்றியமையாதது. மூன்றாவது, இவை மிக மெல்லப் பெருகுவன. சாதாரணப் பற்றீரியாக்களுட் சில அரைமணி நேரத்திற்குள் இருமடங்காகும். இவையோ இருமடங்காக ஏறக்குறைய ஒரு நாளோ அதனினும் மிகுதியோ கொள்ளும். ஒரு புதிய தொட்டியில் இவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு கிழமை செல்லும்.

இனி அம்மாணவனின் வினாவுக்கு விடை எளிது. அமோனியாவுக்கும் நைத்திரைற்றுக்கும் நிறமில்லை. நஞ்சு மிகுந்த நீரும் பளிங்குபோல் தெளிந்தே இருக்கும். பரலை முழுதும் அகற்றி, அதே நாளிற் பஞ்சையுங் கழுவியதால், இப்பற்றீரியாக்களின் இரண்டு குடியிருப்புக்களையும் ஒருங்கே அழித்துவிட்டோம். நான்கு ஆண்டு முதிர்ந்த தொட்டி ஒரு மாலைப்பொழுதிற் புதுத்தொட்டி ஆயிற்று. பசியென எண்ணி மிகுத்திட்ட உணவும் அழுகி நஞ்சை வளர்த்தது. அன்றியும், அச்சிறு தொட்டிக்குப் பன்னிரண்டு பொன்மீன்கள் மிகையே. பற்றீரியாக்கள் இருந்தவரை அம்மிகை நமக்குப் புலப்படவில்லை.

மாற்றுதல் வேண்டுமா?

பரல் அழுக்காயிற்று என்பது ஒன்றே அதனை மாற்றப் போதிய காரணம் அன்று. றப்பர்க் குழாயின் ஒரு முனையிற் சற்று அகன்ற குழலைப் பொருத்திப் பரலினுட் செருகி, நீரை வாளிக்குள் இறக்கினால், இடையிற் கிடக்கும் கழிவு நீரோடு வந்துவிடும். பரல் தொட்டியிலேயே தங்கும். கிழமைக்கு ஒருமுறை, ஒருமுறைக்கு ஒரு பகுதியாக, நீரில் நாலில் ஒரு பங்குக்கு மேற்படாமல் இங்ஙனம் செய்துவரின் பரலைப் பல்லாண்டு மாற்ற வேண்டுவதில்லை.

மாற்றத்தக்க காரணங்கள் சில உள. சாயம் உரியும் கல் ஆயின் மாற்றுதல் நன்று. கூரிய விளிம்புடைய கல், அடியில் மேயும் மீன்களின் வாயையும் மீசையையும் புண்படுத்தும். மிகப் பெரிய கல்லாயின் உணவு இடுக்குகளில் வீழ்ந்து மீனுக்கு எட்டாது அழுகும். மிக நுண்ணிய மணலை ஆழமாகப் பரப்பினால் அது இறுகி, அடியில் ஒட்சிசன் புகாத இடங்கள் உண்டாகும். அங்கே கரிய நிறமும் அழுகிய முட்டை நாற்றமும் தோன்றும். அந்நாற்றம் ஐதரசன் சல்பைட்டு என்னும் நச்சு வாயுவினது.

சுண்ணாம்புச் சத்துடைய கல்லைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணக்கல்லாலாயது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கில்லை. ஆதலின் ஆற்றுப்பரல் வெளியிலிருந்தே வருதல் வேண்டும். நாம் எளிதிற் பெறுவன சுண்ணக்கல் உடைவும், சிப்பியும் பவளத்துண்டும் விரவிய கடற்கரைக் கல்லுமே. இவை நீரிற் சிறிது சிறிதாகக் கரைந்து அதன் வன்மையையும் காரத்தன்மையையும் உயர்த்தும். வன்னீரை விரும்பும் கப்பி முதலிய மீன்களுக்கு இதனால் இடரில்லை. மென்னீர் மீன்களுக்கு இஃது ஒவ்வாது. மேலும், காரத்தன்மை மிகுந்த நீரில் அமோனியாவின் கொடுமையும் மிகும். 28 பாகை வெப்பநிலையில், பி.எச். பெறுமானம் 7 ஆயின், அமோனியாவில் நூற்றில் ஒரு பங்கிற்குங் குறைவே கொடிய வடிவில் இருக்கும். அப்பெறுமானம் 8 ஆயின் ஆறு ஏழு பங்கு அவ்வடிவை அடையும். வன்னீர்க் கிணறுடையோர் பரலை மாற்றும்போது பிறரினும் மிக்க கவனம் கொள்ளுதல் இதனால் வேண்டற்பாலது.

புதிய பரலைத் தெரிதல்

கல்லைச் சோதிக்கும் வழி எளிது. உலர்ந்த கற்கள் சிலவற்றின் மேல் வினாகிரி சில துளி விடுக. நுரை எழுமாயின் அதிற் சுண்ணாம்பு உண்டு. எழாதாயின் பெரும்பாலும் அச்சமில்லை. ஐயம் நீங்காதார் ஒரு வாளி நீரில் அக்கல்லை ஒரு கிழமை ஊறவிட்டு, முன்னும் பின்னும் பி.எச். பெறுமானத்தை அளந்து பார்க்கலாம்.

பரல் உருண்டு, 3 முதல் 5 மி.மீ. அளவினதாய் இருத்தல் நன்று. முன்புறம் 4 செ.மீ., பின்புறம் 6 செ.மீ. ஆகச் சரிவாய்ப் பரப்பினால் கழிவு முன்னே திரண்டு நிற்கும், அகற்றுதல் எளிதாகும். நம் தொட்டியின் அளவுக்குச் சராசரி 5 செ.மீ. ஆழத்திற்கு 13½ லீற்றர் கொள்ளளவு பரல், அஃதாவது ஏறக்குறைய 20 கிலோ தேவைப்படும். அதனைச் சிறிது சிறிதாக வாளியிலிட்டு, கையாற் கிளறி, கழுவுநீர் தெளியும்வரை பன்முறை கழுவுக. சவர்க்காரமோ சலவைத் தூளோ ஒருகாலும் சேர்த்தல் ஆகாது.

மாற்றும் முறை

பரலை மூன்று கூறாகப் பிரித்து, ஒரு கூறு மாற்றியபின் இரண்டு கிழமை பொறுத்து அடுத்த கூற்றை மாற்றுவதே தக்க முறை. முதலில் மாற்றிய கூற்றிலும் வடிகட்டியிலும் பற்றீரியாக்கள் பெருகி, இழந்ததை ஈடுசெய்ய அவ்விடைக்காலம் உதவும். இக்காலம் முழுவதும் வடிகட்டியைக் கழுவாதிருத்தல் வேண்டும். கழுவியே தீரவேண்டுமாயின், தொட்டியிலிருந்து எடுத்த நீரில் மெல்ல அலசுக. குளோரீன் கலந்த குழாய்நீர் இவ்வுயிர்களைக் கொல்லும்.

குறித்த நாளில் உணவிடாது விடுக. மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாளாயின் வேறு நாளைக் கொள்க. வடிகட்டி நெடுநேரம் நிற்பின் எஞ்சிய பற்றீரியாக்களும் ஒட்சிசனின்றி வாடும். தொட்டியினுட் கை வைக்குமுன் மின்கருவிகள் யாவற்றின் இணைப்பையும் கழற்றுதல் முதற்கடன். மாணவரைக் கொண்டு செய்விப்போர் இதனைத் தாமே நின்று பார்த்தல் வேண்டும்.

பின்னர், முன்சொன்ன குழாயால் ஒரு கூற்றுப் பரலிலுள்ள கழிவை இயன்றவரை இறக்கிவிடுக. பரல் ஆழமாகவும் கருமை படர்ந்தும் இருப்பின், அதனைக் கிளறும்போது நச்சு வாயு வெளிப்படும். அந்நிலையில் மீன்களைத் தொட்டி நீரே நிரப்பிய வாளிக்கு மாற்றி, காற்றுக்குழாய் விட்டு, துணியால் மூடி வைக்க. கருமையும் நாற்றமும் இல்லையாயின் மீன்களைத் தொட்டியிலேயே விடலாம். அவற்றைப் பிடித்து அலைக்கழித்தலும் ஒரு துன்பமே.

பழைய பரலைச் சிறு கிண்ணத்தால் மெல்ல அள்ளி எடுக்க. எடுத்தவற்றில் இரண்டு கைப்பிடியளவை, நீர் புகத்தக்க வலைப்பையிற் கட்டி, வடிகட்டியின் நீரோட்டம் படுமிடத்தே தொட்டியில் தொங்கவிடுக. பழைய பரலில் உள்ள பற்றீரியாக்கள் புதிய பரலிற் சென்று குடியேற இது துணைசெய்யும். புதிய பரலையும் மேலிருந்து கொட்டாது, கிண்ணத்தில் இட்டு அடிவரை இறக்கிக் கவிழ்க்க. புதியதும் பழையதும் கலவாதிருக்க இடையில் ஒரு கண்ணாடிச் சட்டத்தையோ பிளாத்திக்குத் தகட்டையோ நிறுத்தலாம்.

குறைந்த நீரை, அதே வெப்பநிலையிலுள்ள நீரால் மெல்ல நிரப்புக. குளோரீன் கலந்த நீராயின் ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்தோ, அதனை நீக்கும் மருந்திட்டோ பயன்படுத்துக. பின் வடிகட்டியை உடனே இயக்குக. ஓரிரு நாள் நீர் கலங்கித் தோன்றலாம், அஞ்ச வேண்டுவதில்லை.

சில தொட்டிகளில் வடிகட்டி தனியே இராது. பரலின் கீழே துளைத்தட்டு ஒன்றை வைத்து, நீரைப் பரலினூடே இழுப்பர். அத்தகைய தொட்டியிற் பரலே வடிகட்டி. அதனை மாற்றக் கருதுவோர், ஒரு மாதத்துக்கு முன்னரே பஞ்சு வடிகட்டி ஒன்றைத் தொட்டியில் இயங்கவிட்டு, பற்றீரியாக்கள் அதிற் குடிகொண்ட பின்னரே பரலைத் தொடுதல் வேண்டும்.

பின்னர்ச் செய்வன

ஒவ்வொரு கூறும் மாற்றியபின் ஒரு கிழமைக்கு வழக்கமான உணவிற் பாதியே இடுக. வளர்ப்புமீன் விற்கும் கடைகளிற் கிடைக்கும் சோதனை மருந்தால் ஒன்றுவிட்ட ஒரு நாள் அமோனியாவையும் நைத்திரைற்றையும் அளந்து குறித்து வைக்க. இரண்டும் இல்லையெனக் காண்பதே நன்னிலை. ஒன்று தோன்றினும், நீரில் மூன்றில் ஒரு பங்கை அன்றே மாற்றுக. அடுத்த கூற்றை ஒத்திப்போடுக. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுதியாதலின், அது ஒன்றை மட்டும் கண்டு கலங்கற்க. நீர்த்தாவரங்களை மிகுத்து வைத்தலே அதற்குத் தக்க வழி.

சோதனை மருந்து இல்லாதார் மீன்களையே கூர்ந்து நோக்குதல் வேண்டும். மீன்கள் மேற்பரப்பில் வந்து வாயைத் திறந்து மூடுதல், செவுள் சிவத்தல், செட்டைகளை உடலோடு ஒட்டவைத்து ஒதுங்கி நிற்றல் ஆகியன துன்பத்தின் குறிகள். அக்குறி காணின் உணவிடாதொழிக, நீரை மாற்றுக. யான் செய்ததற்கு நேர்மாறாகச் செய்க என்பதே இதன் சுருக்கம்.

அன்று பரப்பிய வெண்கற்கள் அளவிற் பெரியனவாதலின், இடுக்குகளில் உணவு வீழ்ந்து அழுகுவது சில ஆண்டுகளாகவே தெரிந்திருந்தது. இவ்வாண்டு நிறைவிழாவை முன்னிட்டு அவற்றை மாற்றக் கருதினோம். அன்று வினாவிய மாணவன் இன்று உயர்தர வகுப்பிற் கற்கின்றான். அவனே முன்னின்று, மேற்கூறிய முறையில், மூன்று தவணையாகப் பணியை முடித்தான். ஒவ்வொரு நாள் அளவையும் ஒரு கொப்பியிற் குறித்தான். இரண்டாம் கூறு மாற்றிய மூன்றாம் நாள் அமோனியா சிறிது தோன்றிற்று. நீரை மாற்றி, மேலும் ஒரு கிழமை பொறுத்திருந்தான். அதனால் விழாக்குழுவினர் குறித்த நாளுக்குள் தொட்டி ஒழுங்காகவில்லை. ஒரு புறம் வெண்மையும் ஒரு புறம் பழுப்புமாய் நின்றது. அது குறித்துச் சிலர் குறைகூறினர். அவன் தளரவில்லை, யானும் அவனை விரைவுபடுத்தவில்லை. எஞ்சிய மூன்று பொன்மீன்களும் இன்று புதிய பரலின் மேல் நீந்துகின்றன.

பழையதை ஒருங்கே களைந்து புதியதை ஒருங்கே இடுதல் எளிது, கண்ணுக்கும் இனிது. ஆயின் பழையதில் வாழ்வது புதியதிற் சென்று வேர்கொள்ளக் காலம் வேண்டும். அக்காலத்தைக் கொடுத்தலே இத்தொழிலின் முழு இரகசியமும் ஆகும். தொட்டிக்கு மட்டுமோ இது பொருந்தும் என்பதை, பழைய மாணவரும் புதிய மாணவரும் ஒருங்குகூடும் இந்நாளில், வாசிப்போர் சிந்தனைக்கே விடுகின்றேன்.